டாக்டருக்கு அனுப்பிய தலை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் கிராப்பு. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வரி ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. "கிராப்பு ஸ்டூடியோ எங்கேங்க?" என்று கேட்டால் தெருவில் யாரும் யோசிக்காமல் கை நீட்டுவார்கள். போர்டில் வேறென்னவோ எழுதியிருந்தது, அதை யாரும் படித்ததில்லை.

ஐம்பதைத் தாண்டிய மனிதர் ஒருவருக்கு அப்படி முடி இருப்பது சுற்றியிருப்பவர்களுக்குச் செய்கிற அநியாயம். அடர்த்தி, கருப்பு, நெற்றிக்கு மேலே ஒரு மேடு, அந்த மேட்டிலிருந்து பின்பக்கம் சரிகிற ஒரு வளைவு. சட்டைப் பையில் சீப்பு இருக்கும். பேசும்போது நடுநடுவே எடுத்து ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வார். பேச்சில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சீப்புதான்.

நான் அதே கடையின் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினையும் லேமினேஷன் மெஷினையும் கட்டிக்கொண்டு மாரடிப்பவன். எனக்கு இருபத்தெட்டு வயதிலேயே நெற்றி ஏற ஆரம்பித்துவிட்டது. அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, அவர் பிள்ளைகளுக்கு எல்லாம் அப்படித்தான். எங்கள் பரம்பரையில் சொத்து பிரித்ததில் சண்டை வந்ததுண்டு, வழுக்கையில் மட்டும் எல்லாருக்கும் சமபங்கு. அதனால் கிராப்பு மாமா சீப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளே ஒன்று எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மாமாவின் தொழிலில் படம் எடுப்பது கால் பங்கு. எடுத்த படத்தைத் திருத்துவது முக்கால் பங்கு. அதை டச்சப் என்போம். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், தொங்கும் தாடை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்து எடுத்துவிடுவார். வழுக்கைக்காரர்களுக்கு முடி வைப்பார். கேட்டால்தான் வைப்பார் என்பதில்லை, பார்த்தால் வைத்துவிடுவார். "பாவம், ஒரு நாலு முடி வச்சா என்ன குறைஞ்சிடப் போகுது" என்பார். அவர் வைத்த முடியோடு வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், பெண் பார்க்கப் படம் கொடுத்தவர்கள், சங்கத் தேர்தலில் நின்று சுவரொட்டியில் சிரித்தவர்கள் இந்தத் தெருவில் நிறையப் பேர். ஒருமுறை ஒரு மேனேஜர் லைசென்ஸ் புதுப்பிக்கப் போய், படத்தில் இருப்பது நீங்கள் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டுக் கடைக்கு வந்து சத்தம் போட்டார். மாமா அமைதியாக, "தப்பு படத்துல இல்ல சார்" என்றார்.

ஒரு படமும் டச்சப் ஆகாமல் எங்கள் கடை வாசலைத் தாண்டியதில்லை. பள்ளிக்கூடக் குழந்தைகளின் குரூப் போட்டோவில்கூட மூக்கு ஒழுகுகிறவன் மூக்கைத் துடைத்துத்தான் கொடுப்பார். வீட்டுக்கு ஆள் வரும்போது கூடத்தைக் கூட்டிவைப்பதைப் போல அவருக்கு அது. செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கை செய்துகொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட தலையில் திடீரென்று கொட்ட ஆரம்பித்தது.

முதலில் தலையணை உறையில் கொத்தாகக் கிடந்தது. உறை சரியில்லை என்று மாற்றச் சொன்னார். பிறகு குளிக்கும்போது கையோடு வந்தது. தண்ணீர் சரியில்லை என்றார். பிறகு சீப்பில் வந்தது. சீப்பு சரியில்லை என்று புதுச் சீப்பு வாங்கினார். இப்படி உலகத்தில் உள்ள சாமான் ஒவ்வொன்றும் சரியில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது, முடி வெட்டுகிற கடைக்காரர்தான் கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னாராம்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பின் உச்சியில ஒரு காசு அளவுக்கு இடம் காலியா இருக்கு."

"காலின்னா?"

"காலின்னா காலிதான் அண்ணே. வேற எப்படிச் சொல்றது."

அவர் தலையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து சேர்வதற்குள் சேதி அவருக்கு முன்னால் வந்து காத்திருந்தது. தையல்காரர், மருந்துக்கடைக்காரர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் மூவரும் என் ஜெராக்ஸ் மெஷின்மேல் கை ஊன்றி நின்றிருந்தார்கள். காலில் அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். பல் வலித்தால் பல் டாக்டர் என்பார்கள். முடி கொட்டுகிறது என்றால் மட்டும் ஊரில் ஆளுக்கு ஆள் வைத்தியர்.

தையல்காரர் வெங்காயத்தை அரைத்துச் சாறு தேய்க்கச் சொன்னார். அவர் மைத்துனருக்கு அதில் புதர் மாதிரி வளர்ந்ததாம். அந்த மைத்துனரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. மருந்துக்கடைக்காரர் கையோடு ஒரு சத்து மாத்திரை டப்பாவும் ஷாம்பூவும் எடுத்துவந்திருந்தார். நல்ல மனிதர், சரக்கு தேங்கியிருந்தது. இன்சூரன்ஸ் ஏஜென்ட், இதற்கெல்லாம் காரணம் மனசு என்றும், எதிர்காலத்தைப் பற்றிய பயம் போனால் முடி தானாக வரும் என்றும், பயம் போவதற்குத் தன்னிடம் ஒரு திட்டம் இருப்பதாகவும் சொன்னார்.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "மாமா, எனக்குப் போனது முன்னாலேர்ந்து மெல்ல மெல்ல, வருஷக் கணக்குல. குடும்பத்துல எல்லாருக்கும் அப்படி. உங்களுக்குத் திடீர்னு நடுவுல ஒரு இடத்துல போகுது. இது வேற மாதிரி இருக்கு. ஒரு டாக்டரைப் பாத்துடுங்க."

"ஏன் மாப்ள, உங்க சங்கத்துல ஆள் பத்தலையா?" என்றார்.

அன்றைக்கே வெங்காயம் வாங்கிப் போனார். வீடு முழுக்க நாற்றம். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்தாள். தேய்த்த இடம் எரிந்தது. எரிகிறது என்று தையல்காரரிடம் சொன்னதற்கு, "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று கைகொடுத்தார். மாமா கூடுதலாகத் தேய்த்தார்.

அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அது முடிவாகத்தான் இருக்கும். ஒரு காலை மாமா சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது கதவை மறித்து நின்று சொன்னாள்.

"முடி போறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லைங்க. ஆனா நல்லா இருந்த மனுஷனுக்குக் காரணமே இல்லாம இப்படிக் கொத்துக் கொத்தாக் கொட்டுமா? உள்ளுக்குள்ள என்ன இருக்கோ. எனக்குப் பயமா இருக்கு. தோல் டாக்டர்கிட்ட போயே ஆகணும்."

பயம் என்று அக்கா வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மாமாவுக்கும் அது உறைத்தது. ஆனால் தோல் டாக்டரின் கிளினிக் மெயின் ரோட்டில் இருந்தது. கண்ணாடிச் சுவர். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும். "அங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் என் கஸ்டமரா இருப்பாங்க. நான் முடி வச்சவங்க. அவங்க முன்னாடி நான் தலையைக் குனிஞ்சுகிட்டு உக்காரணுமா?" என்று புலம்பினார்.

அப்போதுதான் அந்த கிளினிக்கில் ஒரு வசதி இருப்பது தெரிந்தது. போனில் படம் அனுப்பினால் டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுப் பேசுவாராம். நேரில் வரவேண்டிய கேஸா, காத்திருக்கலாமா என்று அதில் முடிவு செய்வாராம். மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படம் அனுப்புவதா, அதைவிட நமக்கு வேறென்ன தெரியும் என்றார்.

அடுத்த நாள் ஸ்டூடியோவின் உள் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, தானே ரிமோட் அழுத்தித் தன் பின்னந்தலையை எடுத்தார். என்னை உதவிக்குக் கூப்பிடவில்லை. நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வாங்க மாப்ள என்றார், முகத்தில் ஒரு திருப்தி.

கம்ப்யூட்டர் திரையில் பின் உச்சி தெரிந்தது. நடுவில் வட்டமான ஓர் இடம், வழவழவென்று, சுற்றிலும் கரை கட்டினாற்போல ஒழுங்கான முடி. வெளிச்சம் பிரமாதமாக விழுந்திருந்தது.

"வழுக்கைகூட உங்களுக்கு அழகாத்தான் வந்திருக்கு மாமா" என்றேன்.

"எடுக்கிற மாதிரி எடுத்தா எதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

மாலையில் டாக்டர் கூப்பிட்டார். பெண் குரல், நிதானமாகப் பேசினார். மாமா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். சமீபத்தில் பெரிய காய்ச்சல் வந்ததா, ஆபரேஷன் ஏதாவது நடந்ததா, புதிதாக ஏதும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சோர்வாக இருக்கிறதா, புருவத்திலோ தாடியிலோ முடி போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் சொன்னார் மாமா.

"அந்த இடத்துல எரிச்சல், அரிப்பு, வலி?"

"எரிச்சல் லேசா இருக்கு டாக்டர். அது வெங்காயம்."

"வெங்காயமா? அதை முதல்ல நிறுத்துங்க. சிவந்து இருக்கா? செதில் உதிருதா? சின்னச் சின்னக் கொப்புளம், சீழ்? படத்துல அப்படி எதுவும் தெரியலை."

மாமா திரையை உற்றுப் பார்த்தார். பின் உச்சியை அவர் வேறு எங்கே பார்ப்பது. "இல்ல டாக்டர். சுத்தமா இருக்கு" என்றார்.

"அப்படின்னா பயப்பட வேண்டாம். பூச்சிவெட்டுன்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி தெரியுது. நிறையப் பேருக்குத் தானாவே திரும்ப முளைக்கும். ஒரு மாசம் பாக்கலாம். அதுக்கப்புறம் இன்னொரு படம் அனுப்புங்க. ஆனா சிவந்தாலோ, எரிச்சல் அதிகமானாலோ, சீழ் வச்சாலோ படம் எல்லாம் வேண்டாம், உடனே நேர்ல வந்துடுங்க."

போனை வைத்ததும் மாமா சீப்பை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். அக்காவுக்குப் போன் செய்து, ஒன்றுமில்லை, பூச்சிவெட்டு, தானே வந்துவிடும், டாக்டரே சொல்லிவிட்டார் என்றார். அக்கா அன்றைக்குக் கோவிலுக்குப் போய்வந்தாள் என்று பிறகு தெரிந்தது.

வெங்காயத்தை நிறுத்தினார், ஒரு வாரத்துக்கு. பிறகு தையல்காரர், "டாக்டருங்க எப்பவுமே அப்படித்தான் சொல்லுவாங்க, அவங்க பொழப்பு போயிடும்ல" என்று புத்தி சொல்ல, மறுபடி ஆரம்பித்தார். அதோடு ஒரு தொப்பியும் வந்தது. துணித் தொப்பி, முன்னால் மட்டும் விளிம்பு நீண்டது. வெயிலுக்கு என்றார். இருட்டறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போதும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் முடிந்ததும் மறுபடி தாழ்ப்பாள், மறுபடி விளக்கு, மறுபடி படம். டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "பெருசாகலை. நல்ல விஷயம். இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். மாமா கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தையல்காரர் அதை வெங்காயத்தின் வெற்றியாக எடுத்துக்கொண்டு இரண்டு கிளாஸ் குடித்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா தொப்பியோடு அயர்ந்து தூங்கிவிட்டார். தலையணை உறையில் மஞ்சளாகக் கறை படிவதையும், வெங்காயத்தைத் தாண்டி இன்னொரு வாடை வருவதையும் அக்கா சில நாளாகக் கவனித்து வந்திருக்கிறாள். கேட்டால், தேய்க்கிற சாறு என்று அவர் சமாளித்திருக்கிறார். அன்றைக்கு அவள் தொப்பியை மெதுவாகத் தூக்கிப் பார்த்தாள்.

அவள் சத்தம் போடவில்லை. எனக்குப் போன் செய்தாள். "நாளைக்குக் கடை திறக்காதே. காலையில வண்டி எடுத்துகிட்டு வா. இவரைக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள். என்ன ஏது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மெயின் ரோடு, கண்ணாடிச் சுவர், பஸ்ஸில் போகிறவர்கள். மாமா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். எதிரே இருந்த ஒருவர், "கிராப்பு சார்தானே?" என்று கேட்டு வணக்கம் வேறு வைத்தார்.

உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றியபோதுதான் நானும் பார்த்தேன். காசு அளவு என்று சொன்ன இடம் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது. நடுவில் தோல் மினுமினுவென்று வெளுத்திருந்தது. ஓரம் முழுக்கச் சிவப்பு, செதில், அங்கங்கே சீழ் கோத்த கொப்புளம்.

டாக்டர் கையுறை மாட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்துப் பழைய படத்தைப் பார்த்தார். மறுபடி தலையைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பின படம் யாரோடது?"

"என்னோடதுதான் டாக்டர்."

"போன வாரம் அனுப்பினது?"

"அதுவும்."

"இவ்வளவு ஒரே வாரத்துல வராதே. ஓரத்துல இருக்கிற இந்தச் சிவப்பு அப்போ இல்லையா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நிஜமாகவே அப்போதுதான் நினைவுக்கு வருகிறது என்று தெரிந்தது. "இருந்துச்சு டாக்டர். எடுத்துட்டேன்" என்றார்.

"எதை எடுத்தீங்க?"

"சிவப்பை. செதிலையும். ரெண்டாவது படத்துல ஓரத்தையும் கொஞ்சம் சரி பண்ணினேன், ரொம்பக் கோணலா இருந்துச்சு."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "எதுக்கு?"

"அப்படியே அனுப்பினா படம் நல்லா இருக்காதே டாக்டர்."

மாமாவுக்கு மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கவில்லை. இருந்திருந்தால் வழுக்கையையே மறைத்து முடி வைத்திருப்பாரே. வழுக்கையை டாக்டர் பார்க்க வேண்டும் என்று நன்றாகப் புரிந்து அதை விட்டுவைத்தார். அதைச் சுற்றியிருந்த அசிங்கத்தை மட்டும் கை தானாகத் துடைத்துவிட்டது. டாக்டருக்குத் தேவைப்பட்டது அந்த அசிங்கம்தான்.

"திருத்தாத படம் இருக்குமே, அதை அனுப்புங்க. எப்போ ஆரம்பிச்சுதுன்னு நான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். திருத்தினதை அதுமேலேயே சேவ் பண்ணிடுவேன். எப்பவும் அப்படித்தான். ரெண்டு படம் இருந்தா கஸ்டமருக்குச் சங்கடம்."

"அப்போ ஒரிஜினல் எங்கேயும் இல்லையா?"

"தலையில இருக்கு டாக்டர்" என்றேன் நான். அக்கா என் தொடையில் கிள்ளினாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மாமாவைப் பார்த்துப் பேசாமல் அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"திடீர்னு முடி கொட்டுறதுல நிறைய விதம் இருக்கும்மா. பெரிய காய்ச்சலோ ஆபரேஷனோ பெரிய துக்கமோ வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சுத் தலை முழுக்கக் கொட்டும். அது பெரும்பாலும் திரும்ப வந்துடும். தைராய்டு, ரத்தக் குறைவு, சில மாத்திரைங்களாலயும் கொட்டும், காரணத்தைச் சரி பண்ணினா நிக்கும். வட்டமா வழவழன்னு போறதும் நிறையப் பேருக்குத் திரும்ப முளைக்கும். அதனாலதான் இவரைக் காத்திருக்கச் சொன்னேன். ஆனா இவருக்கு இருக்கிறது அது இல்ல. இப்படிச் சிவந்து, எரிஞ்சு, செதில் விட்டு, சீழ் வச்சுப் போகுதே, இது முடியோட வேர்க்காலையே அழிச்சுத் தழும்பாக்குற விதம். தழும்பான இடத்துல எந்த எண்ணெய் தேச்சாலும் முடி வராது. இதுல ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது."

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. ரத்தப் பரிசோதனை எழுதறேன், தோலைத் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பறேன். எதுக்கும் பயப்படாதீங்க. மிச்சம் இருக்கிற முடியைக் காப்பாத்தணும், இப்போ அதுதான் வேலை."

மாமா மெதுவாகக் கேட்டார். "முதல்லயே நேர்ல வந்திருந்தா?"

"போன அளவுக்குப் போயிருக்காது" என்றார் டாக்டர். பிறகு இரண்டு கண்ணாடிகளை எடுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பிடித்து, "நீங்களே ஒரு தடவை பாருங்க" என்றார். மாமா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். வேண்டாம் என்றார்.

தோல் துணுக்கு எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தோம். வாசற்படியில் அக்கா நின்றுவிட்டாள். அங்கேயே, போகிறவர் வருகிறவர் முன்னாலேயே, அழுதாள்.

"தையக்காரர் பாத்தாரு, முடி வெட்டுறவர் பாத்தாரு. தெருவுல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் உச்சியைக் காட்டி யோசனை கேட்டீங்க. பாக்க வேண்டிய ஒரே ஒருத்தருக்கு மட்டும் வேற தலையைக் காட்டியிருக்கீங்களே."

மாமா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எனக்கும் அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் தலையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட வருஷங்கள் அத்தனையும் நினைவுக்கு வந்து, அந்தக் கோபமும் நிலைக்கவில்லை.

மாத்திரை, களிம்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் காட்டுவது என்று ஆரம்பமானது. அதோடு மாதம் ஒரு படம். பரவுகிறதா, நிற்கிறதா என்று ஒப்பிட டாக்டருக்கு ஒரே மாதிரி வெளிச்சத்தில் படம் வேண்டுமாம். "நீங்க எடுக்காதீங்க" என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். "உங்க வீட்டம்மா எடுக்கட்டும். போன்லயே எடுக்கட்டும். கம்ப்யூட்டர் இருக்கிற அறைப் பக்கமே அந்தப் படம் போகக் கூடாது."

சேதி தெருவுக்கும் போனது. தையல்காரர் கடைக்கு வந்து வெகுநேரம் வருத்தமாக நின்றார். பிறகு, "நீங்க தேச்சது பெரிய வெங்காயமா, சின்ன வெங்காயமா?" என்று கேட்டார். பெரியது என்றார் மாமா. "அதான் பாத்தேன். நான் சின்னதுன்னுல்ல சொன்னேன்" என்று நிம்மதியாகப் போனார். மருந்துக்கடைக்காரர் அவர் கொடுத்த ஷாம்பூவைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. நாங்களும் எடுக்கவில்லை. கிராப்பு என்ற பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை, அந்த மட்டில் தெருவுக்கு இரக்கம் இருந்தது, அல்லது சோம்பல்.

படம் எடுக்கும் நாளில் பார்க்க வேண்டும். சமையலறை ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு அவரை உட்கார வைப்பாள் அக்கா. அவர் வாய் சும்மா இருக்காது.

"வெளிச்சம் ஒரு பக்கமா அடிக்குது. கொஞ்சம் இடது பக்கம் நின்னு எடு."

"அசையாதீங்க."

"போனைச் சாய்க்காதே. கோணலா வரும்."

"வரட்டும்."

எடுத்ததும், காட்டு என்று ஒருமுறைகூட அவர் கேட்டதில்லை. அவளும் காட்டியதில்லை. அப்படியே டாக்டருக்கு அனுப்பிவிடுவாள். கோணல், மங்கல், பின்னால் பாத்திரம் விளக்குகிற தொட்டி தெரிகிறது என்று எதையும் பார்க்க மாட்டாள். எங்கள் குடும்பத்திலிருந்து டச்சப் ஆகாமல் வெளியே போன முதல் படங்கள் அவைதான்.

முதல் மாதம் டாக்டர், இன்னும் பரவுகிறது என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரண்டாவது மாதம் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அந்த நாட்களில் மாமா கடையில் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. யாராவது முடி வைக்கச் சொன்னால் வைப்பார், ஆனால் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை ஓர் இளைஞன் கன்னத்தில் இருந்த ஒரு சிவந்த திட்டை எடுத்துவிடச் சொன்னான். "இது எத்தனை நாளா இருக்கு?" என்று மாமா கேட்டார். அவன் அதெல்லாம் எதற்கு என்று முறைத்துவிட்டு வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டான்.

மூன்றாவது மாதப் படம் அனுப்பிய அன்று நானும் வீட்டில் இருந்தேன். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. அக்கா ஸ்டூலுக்குப் பின்னால் நின்றபடியே வாசித்தாள்.

"பரவுறது நின்னுடுச்சு. சிவப்பும் அடங்கிடுச்சு. மிச்ச முடிக்கு இனிமே ஆபத்து இல்ல. மருந்தை மட்டும் விடாதீங்க. போன இடத்துல திரும்ப வராது." கடைசி வரியை வாசிக்கும்போது அவள் குரல் இறங்கியது.

மாமா எழுந்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மனதில் இருந்தது எந்த அளவு என்று எனக்குத் தெரிந்தது. அவர் கடைசியாகப் பார்த்தது கம்ப்யூட்டரில் அவரே கரை கட்டி வைத்த அந்தச் சின்ன வட்டத்தைத்தான்.

"போன இடம்னா, எவ்வளவு இடம்?" என்று கேட்டார்.

அக்கா போனைப் பார்த்தாள். அதை அவரிடம் நீட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அதை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலை அவர் உச்சியில் வைத்தாள். முடி இருக்கிற இடத்தில் ஆரம்பித்து, முடி இல்லாமல் போன ஓரத்தோடு, அவசரப்படாமல் விரலை நகர்த்தினாள். விரல் பின்பக்கம் இறங்கியது. இன்னும் இறங்கியது. மாமா முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் எல்லாம் அது நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் வந்து, மறுபக்கம் ஏறி, தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

"இவ்வளவா?" என்றார் மாமா.

"ஆமாங்க" என்றாள் அக்கா. விரலை எடுக்கவில்லை.